ஆடு திரும்பி வரக் கூடாதா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெயில் சுள்ளென்று அடித்து உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை. மரக்காணம் கடற்கரையோரம் தூண்கள்மேல் உயரமாகக் கட்டியிருக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கூடத்தில், வரிசையாக வைத்த லேப்டாப்களுக்கும் ஒரு பெரிய திரைக்கும் நடுவில், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்த ராணிக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். நான் படித்து முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். டெஸ்டர் என்றால், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பவள். எனக்கு அது வேலை மட்டுமல்ல, சுபாவமும்கூட. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தம் எப்போது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே தப்பு விட்டிருக்கிறார்கள் என்றுதான் என் கண் போகும். "இவ கிட்ட நல்லாருக்குன்னு பேரு வாங்க முடியாது" என்பார் அம்மா. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வளர்ந்தவள் நான்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரு புரோகிராமிங் போட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் புதுச்சேரி நண்பர் ஒருவர் கூடச் சேர்ந்துகொண்டார். கம்பெனியும் சம்மதித்தது. முதலிடம் பிடிக்கும் இரண்டு பேர் அணிக்கு எங்கள் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. கல்லூரியின் பெயரைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிடுவார்கள் என்பது எனக்கே நடந்த கதை. வாசலைத் தாண்டி உள்ளே போவதுதான் கஷ்டம். அந்தப் பயிற்சி, வாசலைத் தாண்டுவதற்கான வழி.

போட்டி இதுதான்: ஆடுபுலி ஆட்டத்தைத் தானாகவே ஆடும் ஒரு ஏஐ புரோகிராமை ஒவ்வொரு அணியும் எழுதிக்கொண்டு வர வேண்டும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து, புலி எங்கேயும் நகர முடியாதபடி அடைக்க வேண்டும். மனிதக் கை எதுவும் படக் கூடாது. புரோகிராமும் புரோகிராமும் மோதும். பிள்ளைகள் வாரக்கணக்கில் தங்கள் புரோகிராமை அதனோடு அதையே ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடவிட்டுப் பழக்கியிருந்தார்கள்.

விதிகளைப் பேப்பரில் எழுதி எல்லா அணிக்கும் மெயிலில் அனுப்பியவர் என் நண்பர். நடுவர் புரோகிராமை எழுதியவள் நான். ஒவ்வொரு நகர்வும் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சிவப்பில் 'விதிமீறல்' என்று காட்டும் புரோகிராம் அது. விதிப் பேப்பரை நண்பர் எனக்கும் அனுப்பி, "ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு" என்றார். மெயிலைத் திறக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டேன். ஆடுபுலி விதியைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவளா நான்? பள்ளி விடுமுறையில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய், கஞ்சி இடைவேளையில் வரப்பில் குச்சியால் கட்டம் போட்டு, உப்புக் கட்டி ஆடாகவும் செங்கல் துண்டு புலியாகவும் விளையாடியவள். எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை காலை பதினான்கு அணிகள் வந்தன. பெரும்பாலும் மரக்காணம், அனுமந்தை, சுற்றியுள்ள கடலோரக் குப்பங்களின் பிள்ளைகள். கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு அணி. மத்தியானம்வரை டெஸ்டிங். ஒவ்வொரு அணியின் புரோகிராமும் நான் வைத்திருந்த சோதனை புரோகிராமோடு பத்து ஆட்டம் ஆட வேண்டும். ஐந்து ஆடாக, ஐந்து புலியாக. மூன்று விதிமீறலுக்கு மேல் வந்தால் போட்டியிலிருந்து வெளியே. தேறியவர்கள் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் மோதலாம்.

ஏழாவதாக வந்தவர்கள் இரண்டு பெண்கள். பாலிடெக்னிக் கடைசி வருடம். ஒருத்தி கண்ணாடி போட்டவள், குட்டை, பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பவள். இன்னொருத்தி நெட்டை, எதற்கும் முதலில் வாயைத் திறப்பவள். பிரம்மதேசம் பக்கத்தில் விவசாயக் குடும்பங்கள். பெயர் கொடுக்கும்போதே நெட்டைப் பெண், "எங்க ஊர்ல இந்த ஆட்டத்த யாரும் ஆடறதில்ல மேடம். பேப்பரைப் பாத்துதான் கத்துக்கினோம்" என்று சொல்லிச் சிரித்தாள். பாவம், முதல் சுற்றோடு போய்விடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

அவர்கள் புரோகிராம் புலியாக ஆடியபோது ஒரு குறையும் இல்லை. ஆடாக ஆடிய முதல் ஆட்டத்தில், ஆடுகள் புலிகளை ஏறக்குறைய அடைத்துவிட்ட நேரத்தில், திரையில் சிவப்பு. விதிமீறல். இரண்டாவது ஆட்டத்திலும் அதே மாதிரி. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்துக்கு ஐந்து. ஒரே இடம், ஒரே மாதிரி. இவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பு வந்தால், உண்மையான டெஸ்டர் தப்பு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. மாட்டிக்கொண்டார்கள் பார் என்கிற திருப்தி. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"என்ன மேடம் தப்பு?" என்று கண்ணாடிப் பெண் கேட்டாள்.

"ஆடு எந்தப் புள்ளியிலேர்ந்து வந்துச்சோ, அடுத்த தடவையே அதே புள்ளிக்குத் திரும்பிப் போவுது. வந்த எடத்துக்கு உடனே திரும்பக் கூடாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படி ஒரு ரூல் இல்லையே மேடம்" என்றாள் நெட்டைப் பெண்.

"ரூல் பேப்பரை ஒழுங்கா படிச்சுட்டு வரணும்மா" என்றேன். கவனியுங்கள், அந்தப் பேப்பரைத் திறந்தே பார்க்காதவள் சொல்கிறாள்.

"படிச்சோம் மேடம். அதுல இல்ல."

"இருக்கும். நல்லா பாருங்க. நான் இந்த ஊர் உப்பளத்துல ஆடி வளர்ந்தவ. எனக்கே சொல்லித் தர்றியா?"

கண்ணாடிப் பெண் தன் போனை எடுத்து எதையோ தேடி என் பக்கம் நீட்டினாள். நான் அதைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் என் கைப்பையை வைத்திருந்தேன். அவர்கள் நின்றுகொண்டே பேசினார்கள், நான் உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னேன். "பின்னால ஏழு டீம் வெயிட் பண்ணுது. அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லி அடுத்த அணியைக் கூப்பிட்டேன். நண்பர் அப்போது சாப்பாடு வாங்கப் போயிருந்தார். இருந்திருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும்.

நெட்டைப் பெண்ணுக்குக் கண் சிவந்துவிட்டது. சண்டை போட வாயைத் திறந்தாள். மற்றவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கழுத்தில் மாட்டியிருந்த போட்டி அட்டை இரண்டையும் கழற்றி, என் மேசையின் ஓரத்தில் மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். மடித்து வைத்ததுதான் எனக்கு இன்றுவரை ஞாபகத்தில் நிற்கிறது. கோபத்தில் வீசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கிளியனூர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு விதிமீறல் வந்தது. மூன்றைத் தாண்டாததால் தேறிவிட்டார்கள். எங்கள் கடலோரப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்றால் சும்மாவா என்று எனக்கு ஒரே பெருமை.

சாப்பாடு வந்தது. ஆளுக்கு ஒரு பொட்டலம். கடைசியில் இரண்டு மிஞ்சியது. "பிரம்மதேசத்துப் பொண்ணுங்க சாப்பிடாமலே போயிட்டாங்கக்கா" என்று ஒரு பையன் சொன்னான். சரி, என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

என் புத்தி அத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் டெஸ்டிங் பாடம் நடத்தலாம் என்று தோன்றியது. அந்தப் பெண்களின் ஆட்டத்தையே பெரிய திரையில் போட்டேன். பெயரைச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நல்லவள்தான். "தப்பு எங்கே வருதுன்னு பாத்துக்கினே இருங்க" என்று சொல்லி, நகர்வு நகர்வாக ஓட்டினேன்.

ஆடுகள் வட்டமாக நின்று புலிகளை அடைத்துக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில், வட்டத்தில் நிற்கும் எந்த ஆடு நகர்ந்தாலும் வட்டம் உடைந்து புலி வெளியே வந்துவிடும். ஆனால் முறை ஆட்டினுடையது, எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும். அப்போது ஓரத்தில் சும்மா நின்ற ஓர் ஆடு ஓர் அடி எடுத்து வைத்தது. வேறு வழியில்லாமல் புலி நகர்ந்தது. அந்த ஓரத்து ஆடு மறுபடியும் பழைய புள்ளிக்கே திரும்பியது. சிவப்பு. விதிமீறல்.

"பாத்தீங்களா?" என்றேன்.

பின் வரிசையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பர் தலையைத் தூக்கினார். "பாத்தேன். சூப்பரா ஆடியிருக்காங்க. எங்க தப்பு?"

"வந்த எடத்துக்கே திரும்பிப் போவுதே."

"போகட்டுமே. போனா என்ன?"

கூடத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில், "திரும்பக் கூடாது சார்!" என்று கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார், ஊரே சொல்கிறது என்பது போல அவரைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "நான் அனுப்பின பேப்பரைத் திற" என்றார்.

திறந்தேன். முதல் தடவையாக. என் லேப்டாப் பெரிய திரையோடு இணைந்திருந்ததை மறந்தே போனேன். ஆறாவது விதி கொட்டை எழுத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. காய் எந்தத் திசையிலும் நகரலாம், முன்பு இருந்த புள்ளிக்குத் திரும்பவும் தடையில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். அந்த மெயில் அதுவரை திறக்கப்படாமல் இருந்ததும் சேர்த்துத் தெரிந்தது.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாருமே அந்த விதியைப் படிக்கவில்லை. என்னைப் போலவே, தெரிந்த ஆட்டம்தானே என்று பழக்கத்தில் இருந்ததையே எழுதிவிட்டார்கள். நானும் அதே தப்பை நடுவர் புரோகிராமில் எழுதியிருந்ததால், அவர்கள் தப்பும் என் தப்பும் பொருந்திப்போய் எல்லாம் பச்சையாகவே தெரிந்தது. பேப்பரை உட்கார்ந்து படித்தவர்கள் மட்டும் சிவப்பாகிப்போனார்கள்.

அனுமந்தை அணியில் ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, எல்லாரும் அப்படித்தான எழுதிக்கிறோம். அப்படியே விட்டுடலாமே. அவங்கதான் போயிட்டாங்களே."

பொய் சொல்லக் கூடாது, அரை நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. சாயங்காலம் எங்கள் மேனேஜர் பரிசு கொடுக்க வரப்போகிறார். தேறியவர்கள் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. போனவர்கள் ஒரு புகார்கூட எழுதிக் கொடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் விஷயம் இந்தக் கூடத்தோடு முடிந்துவிடும். அப்போதுதான் மேசை ஓரத்தில் மடித்து வைத்த அட்டைகள் கண்ணில் பட்டன.

பதிவு செய்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

"நீ போய் கூட்டினு வா. நான் இங்க பாத்துக்கறேன்" என்றார் நண்பர். ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். என்ன தோன்றியதோ, அந்த இரண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ரெண்டு பொண்ணுங்களா? இவ்ளோ நேரம் இங்கதான் குந்தினு இருந்துதுங்க. இப்பதாம்மா திண்டிவனம் பஸ் எடுத்தான். அஞ்சு நிமிசம் இருக்கும்" என்றார். உச்சி வெயில். உப்பளக் காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசச் செய்தன. நான் பிறந்து வளர்ந்த அந்த ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் போனதே இல்லை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'சிஸ்டத்தில் ஒரு சின்னப் பிரச்சினை' என்று ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அலுவலகத்தில் பழகிய வாக்கியம். யார் தலையிலும் விழாத வாக்கியம்.

பிரம்மதேசத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு அம்மா மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்ததால் நின்றிருந்தது. ஸ்கூட்டியை முன்னால் நிறுத்திவிட்டு, கையில் பொட்டலங்களோடு படியில் ஏறினேன். "இந்த பஸ்ல ரெண்டு பொண்ணுங்க..." என்று ஆரம்பித்த என்னைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, என்னா விஷயம்? வூட்ட வுட்டு ஓடியாந்த பொண்ணுங்களா?"

"இல்லைங்க. அவங்க ஒண்ணும் பண்ணலை. தப்பு என் மேல."

நடு சீட்டில் இருந்த இருவரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். நெட்டைப் பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய்வரை வந்தது. கண்ணாடிப் பெண்ணின் மடியில் அந்த விதிப் பேப்பர் இருந்தது. பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டிருந்தாள். பஸ்ஸிலும் அதைத்தான் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள், தாங்கள் எதையாவது விட்டுவிட்டோமா என்று. அதைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

"நீங்க எழுதினது சரிம்மா. நான்தான் பேப்பரைப் படிக்கலை. படிக்காமலே உங்களைப் படிக்கலைன்னு சொல்லிட்டேன்" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டது.

கண்ணாடிப் பெண் மடியிலிருந்த பேப்பரை மடித்துக்கொண்டே, "நான் போனைக் காட்டினேன் மேடம். நீங்க பாக்கலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"ஆமா. பாக்கலை."

"இப்ப வந்தா மறுபடி டெஸ்ட் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன். எல்லாருக்கும் முதல்லேர்ந்து."

நெட்டைப் பெண் ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "எங்க மேல தப்பில்லன்னு அங்க எல்லார் எதிர்லயும் சொல்வீங்களா?"

"ஏற்கெனவே பெரிய ஸ்கிரீன்லயே என் மானம் போயிடுச்சும்மா. நான் சொல்லவே தேவையில்ல."

மூட்டைக்கார அம்மா சிரித்துவிட்டார். நெட்டைப் பெண்ணுக்கும் உதடு லேசாகக் கோணியது. "சட்டுபுட்டுன்னு எறங்குங்கம்மா, டைமாவுது" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டியில் திரும்பினோம். விதிமீறல்தான். அன்று விதிமீறல் பிடிக்கும் வேலையில் இருந்தவளே ஓட்டினேன். நடுவில் உட்கார்ந்த நெட்டைப் பெண் உப்பளம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "சாப்பாடு என்ன மேடம்?" என்று கேட்டாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பர் எல்லா அணிக்கும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார். பழக்கத்தில் எழுதிய விதியை எடுத்துவிட்டு, புரோகிராமை மறுபடி பழக்கிக்கொள்ளலாம். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் எல்லோரும் உட்கார்ந்து செய்தார்கள். நான் நடுவர் புரோகிராமில் அந்த வரியை நீக்கினேன். நீக்கியதும் நண்பர் சொன்னார்: "இதை நீ டெஸ்ட் பண்ணாதே. உனக்குத் தெரிஞ்ச மாதிரியேதான் மறுபடியும் பாப்பே."

நியாயமான பேச்சு. நான் என் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த கண்ணாடிப் பெண்ணை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "பேப்பரைப் பாத்து ஒவ்வொரு விதியா என் புரோகிராமை டெஸ்ட் பண்ணும்மா" என்றேன். அனுமந்தைப் பையனையும், எதிர் அணிக்காரன் என்பதால், கண்காணிக்கக் கூடவே நிற்கச் சொன்னேன். போட்டியில் இருப்பவர்களே நடுவரைச் சோதிக்கும் விநோதம் அன்றைக்கு நடந்தது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "மேடம், இந்த உச்சிப் புள்ளியிலேர்ந்து புலி கீழ தாவி வெட்டுனா உங்க புரோகிராம் ஒத்துக்க மாட்டேங்குது. பேப்பர்படி ஒத்துக்கணும்" என்றாள். பார்த்தேன். உண்மைதான். அதுவும் என் தப்புதான். யாருக்கும் அதுவரை அந்த இடம் வரவில்லை. அனுமந்தைப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இந்தத் தடவை எனக்குக் காது சுடவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, நம்பினால் நம்புங்கள்.

மறு டெஸ்டிங்கில் அவர்களுக்கு ஒரு சிவப்பும் இல்லை. அதற்குப் பிறகு நடந்த மோதல்களில் அந்த ஓரத்து ஆடு ஒவ்வொரு முறை முன்னால் போய்ப் பின்னால் வந்தபோதும், "திரும்புது பாரு, திரும்புது பாரு!" என்று கூடமே கத்தியது. மத்தியானம் 'திரும்பக் கூடாது' என்று கத்திய அதே பிள்ளைகள். அவர்களுக்கு யாரும் சொல்லித் தராத தந்திரம் அது. ஆட்டத்தை ஆடியே பார்க்காத இரண்டு பெண்கள் எழுதிய புரோகிராம், தன்னோடு தானே ஆடி ஆடிக் கண்டுபிடித்தது. பொறுமையாக ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே. புலி தானாகப் போய் மூலையில் மாட்டிக்கொள்ளும்.

இறுதி ஆட்டத்தில் அவர்களும் அனுமந்தை அணியும் மோதினார்கள். ஆடாக ஆடியபோது ஜெயித்தார்கள். புலியாக ஆடியபோது தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஒரே ஓர் ஆடு வித்தியாசத்தில் அனுமந்தைக்கு முதலிடம் போயிற்று. பயிற்சியும் அவர்களுக்கே. எனக்குத்தான் அழுகை வந்தது. ஒரு மணி நேரத்தில் விதியை மாற்றிப் பழக்கி ஜெயித்த அந்தப் பையன்களும் கெட்டிக்காரர்கள்தான், மறுக்க முடியாது. நெட்டைப் பெண், "பரவால்லக்கா, ஆடித்தான தோத்தோம்" என்றாள். காலையிலிருந்து மேடமாக இருந்தவள் அப்போது அக்கா ஆனேன்.

மேனேஜரிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் நடத்துங்க. பேப்பரைப் படிச்சுட்டு நடத்துங்க" என்றார்.

ராத்திரி வீட்டில் அம்மாவிடம் புலம்பினேன். வந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது என்கிற விதி ஊர் உலகத்தில் எங்கேயும் இல்லையாமே, நமக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது நாங்களே வெச்சதுடி. முன்னும் பின்னும் போயிக்கினே இருந்தா ஆட்டம் எப்ப முடியறது? கஞ்சி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மேஸ்திரி கூப்பிட்டுடுவாரு. ஆட்டம் பாதியில நிக்கும். அதான் திரும்பக் கூடாதுன்னு வெச்சோம்." சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "அந்தப் பொண்ணுங்க சாப்ட்டுச்சுங்களா?"

உப்பு வாருகிற பெண்கள், தங்களுக்குக் கிடைத்த கால் மணி நேரத்துக்குள் ஒரு ஆட்டம் முடிய வேண்டுமே என்று வைத்துக்கொண்ட விதி. அவர்கள் வைத்ததில் தப்பே இல்லை. அதை உலகத்துக்கே பொதுவான சட்டம் என்று நினைத்து, அதை வைத்து இரண்டு பெண்களை வெளியே அனுப்பியவள் நான்தான்.

போன வருடம் எங்கள் அலுவலகத்துக்கு டெஸ்டர் வேலைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. அனுபவம் என்ற இடத்தில், ஒரு போட்டியின் நடுவர் புரோகிராமில் தவறு கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி. மேனேஜர் அதை எனக்கு அனுப்பி, உண்மையா என்று கேட்டிருந்தார். உண்மை, ஒன்று இல்லை, இரண்டு என்று பதில் எழுதினேன். இன்று அந்தக் கண்ணாடிப் பெண் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, நான் எழுதுவதில் எல்லாம் தப்பு கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். நெட்டைப் பெண் மேலே படித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் இன்றும் அடுத்தவர் தப்பைத் தேடிச் சம்பளம் வாங்குபவள்தான். சுபாவம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் கைப்பை அன்றிலிருந்து தரையில்தான் இருக்கிறது. எங்கள் மேல் தப்பில்லை என்று யாராவது வந்து நின்றால், எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்த விஷயமாக இருந்தாலும், முதலில் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவர்கள் நீட்டுவதை வாங்கிப் படிக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நான் கற்றுக்கொண்ட ஒரே விதி இதுதான், இதைப் பேப்பரில் எழுதி வைக்காமலே எனக்கு ஞாபகம் இருக்கிறது.